தூக்கிப் பிடித்து மாற்றிய கியர்

ஓடுகிற தறியில் கை வைக்காதே. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் எந்த விசைத்தறி ஷெட்டுக்குப் போனாலும் இதுதான் முதல் சட்டம். துணியில் குறுக்கே ஓடும் ஊடை இழை நெருக்கமாக விழ வேண்டுமா, தளர்வாக விழ வேண்டுமா என்பதைத் தறியின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு பல்சக்கரம் தீர்மானிக்கிறது. பெரிய சக்கரம் போட்டால் துணி மெதுவாக இறங்கும், ஆனால் கெட்டியாக இறங்கும். சின்னது போட்டால் மளமளவென்று இறங்கும், கொசுவலை மாதிரி இருக்கும். சக்கரத்தை மாற்ற வேண்டுமென்றால் முதலில் தறியை நிறுத்த வேண்டும். நிறுத்தி, கழற்றி, மாற்றி, கையாலேயே ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் சுவிட்ச். இந்தச் சட்டத்தை மீறியவர்களை எங்கள் ஊரில் கை கொடுக்கும்போதே கண்டுபிடித்துவிடலாம். ஒரு விரல் குறையும்.

எனக்குப் பத்தும் இருக்கிறது. அந்தத் திமிரோடுதான் நான் கியர் சைக்கிளில் ஏறினேன்.

சைக்கிள் வந்ததற்குக் காரணம் சர்க்கரை. டாக்டர் நடக்கச் சொன்னார். நான் டீக்கடை வரை நடந்தேன். சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் இதைக் கேள்விப்பட்டு, பொங்கலுக்கு வரும்போது இருபத்தியொரு கியர் வைத்த சைக்கிள் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அதைப் பார்த்ததும் எனக்கு உறவினரைப் பார்த்த மாதிரி இருந்தது.

“நைனா, வா, கியரு எப்டி மாத்தறதுன்னு காட்டறேன்” என்றாள்.

“எனக்கா? உங்க நைனா பொறந்ததே பல்சக்கரத்துக்கு நடுவுலம்மா. போ, போய் உங்கம்மாவுக்கு போன்ல போட்டோ அனுப்பக் கத்துக்குடு.”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். போகாமல் இருந்திருக்கலாம்.

அவள் ஊருக்குப் போன மறுநாள் ஏரிக்கரை ஏற்றத்தில் முதல் பரீட்சை. சட்டப்படி இறங்கினேன். நின்றபடி கைப்பிடியிலிருந்த நெம்புகோலைத் தள்ளினேன். ஏறி மிதித்தேன். கடமுடவென்று ஒரு சத்தம். செயின் கழன்று என் வேட்டியைக் கவ்விக்கொண்டது. நான் பயப்படவில்லை. யோசித்தேன். எங்கே தப்பு? தறியில் சக்கரம் மாற்றினதும் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்போமே, அதை விட்டுவிட்டேன். அடுத்த முறை சீட்டைப் பிடித்துப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, நெம்புகோலைத் தள்ளி, இன்னொரு கையால் பெடலைச் சுற்றினேன். செயின் சமத்தாகத் தாண்டி உட்கார்ந்தது. அன்று நான் அடைந்த பெருமையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

டீக்கடை ஏற்றத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆகவே தினமும் ரசிகர்கள் இருந்தார்கள்.

“இன்னா மாமா, பஞ்சரா?”

“பஞ்சரு இல்லடா. கியரு.”

“கியருக்கு இன்னாத்துக்கு எறங்கறே?”

“நீ ஓடற தறில பல்லு மாத்துவியாடா?”

கேட்டவன் தறிக்காரன். “மாட்டேன்” என்றான். சுற்றி இருந்தவர்களும் தறிக்காரர்கள்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஒருவனாவது சிரித்திருப்பான். எங்கள் ஊரில் அது நியாயமாகப் பட்டது. ஒருவர் எழுந்து வந்து, நான் பெடலைச் சுற்றும்போது சீட்டைத் தூக்கிப் பிடிக்கக்கூட உதவினார்.

இத்தோடு நிறுத்தவில்லை. தறியில் பெரிய சக்கரம் என்றால் மெதுவு, கெட்டி. மேடு ஏறுவதற்கு மெதுவும் கெட்டியும்தானே வேண்டும்? ஆகவே மேட்டுக்கு முன்னாலும் பெரிசு, பின்னாலும் பெரிசு என்று சித்தாந்தம் வகுத்தேன். செயின் குறுக்கே இழுபட்டு முனகும். அந்த முனகலுக்கு ‘லோடு சத்தம்’ என்று பெயர் வைத்தேன். என் தொடை முனகியதற்கும் அதே பெயர்தான். மாலையில் படுத்தால் எழுந்திருக்க முடியாது. உடற்பயிற்சி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் என் தொடையோடு போயிருந்தால் எழுதி வைக்கத் தேவையில்லை.

பக்கத்து ஊரான புத்தூரில் என் தங்கையும் மாப்பிள்ளையும் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கடைத்தெருவில் பாத்திரக் கடை. வாய் மூடாத மனிதர். ஒரு டபரா வாங்க வந்தவர்களைப் பேசிப் பேசியே குக்கரோடு அனுப்புவார். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் விலை சொல்லி மறுபடி தமிழில் குறைப்பார். அவரும் நானும் சந்தித்தால் ஒருவர் காலை ஒருவர் வாருவதுதான் வேலை. அதில் எப்போதும் அவருக்குத்தான் வெற்றி.

போன வருஷம் கடையிலேயே அவருக்கு நெஞ்சைப் பிடித்துவிட்டது. திருப்பதியில் சேர்த்து, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். உடம்பு தேறியது. மனிதர் தேறவில்லை. மாடிப்படி ஏற மாட்டார். குனிந்து ஒரு குடத்தை எடுக்க மாட்டார். கல்லாவில் உட்கார்ந்து தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சும் குறைந்துவிட்டது. வந்தவர்கள் டபரா கேட்டால் டபராவைக் கொடுத்து அனுப்பினார்.

தங்கைதான் அவரை மறுபடி டாக்டரிடம் இழுத்துப் போனாள். அந்த டாக்டரம்மா தெலுங்கில் சொன்னதை என்னிடம் அப்படியே ஒப்பித்தாள்: “மாட்லாடுதூ தொக்கண்டி. மாட ஆகிப்போதே பண்டி ஆபண்டி.” பேசிக்கொண்டே மிதியுங்கள், பேச்சு நின்றால் வண்டியை நிறுத்துங்கள். சைக்கிள் ஓட்டலாம், மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவுக்கு மட்டும் என்று அர்த்தம்.

இதைக் கேட்டதும் மாப்பிள்ளைக்கு ஒரு ஆசை வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, திருமலை அடிவாரத்துக்கு என் காலாலேயே வந்து கற்பூரம் ஏற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாராம். நடந்து போக முடியாது. சைக்கிளில் போனால் காலால் போனதுதானே? அவர் ஒரு ஆசையைச் சொல்லி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. தங்கை உடனே எனக்குப் போன் போட்டாள்.

“ண்ணா, உன்கிட்ட கியரு சைக்கிளு கீதே. அவருக்கும் ஒண்ணு வாங்கி, எப்டி ஓட்டறதுன்னு நீயே சொல்லிக்குடு. நீயும் கூடப் போ. நீ போனா தான் நான் அனுப்புவேன்.”

“கியரு என் கையில வுட்டுடு” என்றேன். வாய் என்னுடையதுதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது.

என்னுடையது மாதிரியே ஒன்று வாங்கினோம். அவருடைய கடை வாசலில் நின்று பாடம் நடத்தினேன். இறங்கு, சீட்டைப் பிடி, தூக்கு, தள்ளு, சுற்று. மேட்டுக்கு முன்னாலும் பெரிசு, பின்னாலும் பெரிசு. அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

“மச்சான், கியருன்னா சுளுவா இருக்கும்னாங்களே. இது இன்னா, வண்டிக்கு சேவகம் பண்றாப்ல கீது?”

“சுளுவா வேணும்னா பஸ்ல போ மாப்ள. வேண்டுதல்னா சும்மாவா?”

அவர் மறுபடி சீட்டைத் தூக்கிப் பழகினார். தங்கை வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புத்தூரிலிருந்து கிளம்பினோம். தங்கை அவருடைய சட்டைப் பையில் மாத்திரையை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். “பேச்சு நின்னா வண்டிய நிறுத்திடுண்ணா. மறந்துடாதே.”

“உங்க வூட்டுக்காரரு பேச்ச நிறுத்தறதா? நடக்கிற கதையா சொல்லு” என்றேன்.

சமதரையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. காற்று குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. மாப்பிள்ளைக்கு வாய் திறந்துகொண்டது. எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் ஒரு கமெண்ட் அடித்தார். என் தொப்பை ஹாண்டில்பாரைத் தொடுவதைப் பார்த்து, “மச்சான், நீ கைய வுட்டுட்டே ஓட்டலாம், அதுவே புடிச்சுக்கும்” என்றார். நான் அவருடைய வழுக்கையை எடுத்தேன். “மொட்ட போடறேன்னு வேண்டிக்காம வுட்டியே மாப்ள, சாமி நஷ்டப்பட்டிருப்பாரு.” அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரிக்கு முன்னால் இருந்த சிரிப்பு அது. வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வடமாலப்பேட்டை தாண்டியதும் சாலை மலைப்பக்கமாக மேலே ஏற ஆரம்பித்தது. நான் கையை உயர்த்தினேன், படைத்தளபதி மாதிரி. இருவரும் இறங்கினோம். தூக்கினோம், தள்ளினோம், சுற்றினோம். பெரிசு, பெரிசு. மறுபடி ஏறி மிதித்தோம்.

சரிவில் நின்ற வண்டியைக் கெட்டியான கியரில் கிளப்புவது என்றால் என்ன என்பது கிளப்பியவர்களுக்குத் தெரியும். முழு எடையையும் பெடல் மேல் ஏற்றி நிற்க வேண்டும். அப்போதுதான் அது மனசு வந்து இறங்கும். கொஞ்ச தூரம் போனதும், பின்னால் ஒரு பல்சக்கரம் மாற்றினால் தேவலை என்று எனக்குத் தோன்றும். மறுபடி இறங்குவேன், அவரையும் இறங்கச் சொல்வேன். மறுபடி அதே சரிவில் முதலிலிருந்து கிளப்ப வேண்டும். இப்படி எத்தனை முறை அந்த மனிதரை இறக்கி ஏற்றினேன் என்று நினைவில்லை. ஸ்டென்ட் வைத்த நெஞ்சோடு அவர் ஒவ்வொரு முறையும் நான் சொன்னபடியே செய்தார்.

முதலில் அவருடைய வாக்கியங்கள் சுருங்கின. பிறகு ‘ம்’ ஆனது. நான் முன்னால் போய்க்கொண்டே என் வேலையைப் பார்த்தேன். அதாவது தமாஷ். ரோட்டோரத்தில் குரங்கு ஒன்று உட்கார்ந்திருந்தது. “மாப்ள, உங்க பக்கத்து சொந்தக்காரரு பாரு, வழியனுப்ப வந்துக்கினு கீறாரு” என்றேன். பதில் இல்லை. அவருக்குப் பதில் கிடைக்காத தமாஷ் ஒன்றை நான் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். தங்கை கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவையாவது அவரை வாயடைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, இன்னும் ஒன்று சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. எனக்கு ஒரே குஷி. தங்கை வாசலில் நின்று சொன்ன வார்த்தை என் காதில் இருந்தது. ஆனால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சீண்டலாம் என்றுதான் திரும்பினேன்.

அவர் வெகு பின்னால் நின்றிருந்தார். சைக்கிள் ரோட்டோரப் புல்லில் கிடந்தது. ஒரு கை மைல்கல்லைப் பிடித்திருந்தது, இன்னொரு கை நெஞ்சில் இருந்தது.

நான் எப்படி இறங்கி ஓடினேன் என்று தெரியாது. என் வண்டியை எங்கே போட்டேன் என்பதும் தெரியாது. பக்கத்தில் போனபோது முகம் வேர்த்து வெளுத்திருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுக்கப் போய்ப் புல்லில் தவறவிட்டேன். பத்து விரலும் இருந்து என்ன பிரயோஜனம்?

அவர் கையை ஆட்டி வேண்டாம் என்றார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. “வலி இல்ல... மூச்சு... மூச்சு தான்...”

மைல்கல் மேல் உட்கார வைத்தேன். துண்டால் விசிறினேன். காய்கறி ஏற்றிக்கொண்டு போன டெம்போ ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “ஏமய்யிந்தன்னா? எக்கண்டி, ஆஸ்பத்திரிகி போதாம்” என்றார், என்ன ஆச்சு, ஏறுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று. நான் ஏற்றிவிடலாம் என்று அவருடைய தோளைப் பிடித்தேன். மாப்பிள்ளை தலையசைத்தார். கொஞ்ச நேரம் இருந்து பார்க்கலாம் என்று சைகை காட்டினார். டெம்போக்காரர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, நாங்கள் போகச் சொல்லும் வரை நின்றிருந்துவிட்டுத்தான் போனார்.

மெல்ல மூச்சு சீரானது. முகத்தில் ரத்தம் திரும்பியது. மாப்பிள்ளை தண்ணீர் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மச்சான், ஒண்ணு கேக்கறேன். இந்த கியரு சமாச்சாரம் உனக்கு நெஜமா தெரியுமா?”

“தெரியாமலா மாப்ள, பொறந்ததே பல்...”

“தமாசு வேணாம்.”

அவர் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. “தெரியாது” என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “பாப்பாவுக்குப் போன் போடு” என்றார்.

மகள் அப்போதுதான் எழுந்திருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன். மேட்டில் கியர் எப்படி மாற்ற வேண்டும் என்று கேட்டேன்.

“மிதிச்சுக்கினே தான் நைனா. மேடு வரதுக்கு முன்னாடியே மாத்திடணும். காலை ரொம்ப அழுத்தாம லேசா சுத்திக்கினே தள்ளணும். முன்னாடி சின்ன சக்கரம், பின்னாடி பெரிய சக்கரம். கால் சுளுவா சுத்தணும், அவ்ளோ தான். ஆமா, இத்தினி நாளா நீ எப்டி மாத்திக்கினு இருந்த?”

நான் சொன்னேன்.

அவள் சிரித்தாள். போனில் மூச்சு முட்டுகிற அளவுக்குச் சிரித்தாள். “பின்சக்கரத்தைத் தூக்கிக்கினா? நடுரோட்ல நின்னுக்கினா? அய்யோ நைனா!” நானும் வழக்கம் போல் சிரிக்கப் பார்த்தேன். மாப்பிள்ளை இருமினார். சிரிப்பு நின்றது.

“யாரு அது?”

“மாமா.”

“மாமா உன்கூட சைக்கிள்ல வந்துக்கினு கீறாரா? நீ சொல்லிக்குடுத்தத வெச்சா?”

“ம்.”

பொங்கலன்று காட்டுகிறேன் என்று கூப்பிட்டதை அவள் சொல்லிக்காட்டவில்லை. போனில் அவளுடைய ஹாஸ்டல் பக்கம் யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “மாமா, மெதுவா போங்க, சரியா?” என்றாள். என்னிடம் எதுவும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு தங்கை கூப்பிட்டாள். போன் என் கையில் அதிர்ந்தது. எடுக்கத் தைரியம் இல்லை. மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார்.

“எங்க கீறீங்க? பேசிக்கினு தானே போறீங்க?”

“வாய் வலிக்கிற அளவுக்குப் பேசிக்கினு போறோம்” என்றார் மாப்பிள்ளை. “உங்கண்ணன் கியரு போடற அழகே தனி. பக்கத்துலயே வந்துக்கினு கீறாரு. நீ கவலப்படாத.”

நான் மைல்கல்லில் இருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். தெலுங்கில் திருப்பதி என்று எழுதியிருந்தது. அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

திரும்பிப் போகலாம் என்று கெஞ்சினேன். “இங்கேந்து திரும்பினா நான் மறுபடி கல்லாவுல தான் உக்காருவேன் மச்சான்” என்றார். மேடு முடியும் வரை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அதுவும் காலால்தானே. உச்சிக்குப் போனதும் அவர் ஏறினார். சின்னதாக ஒரு ஏற்றம் வந்தபோது, மிதித்துக்கொண்டே நெம்புகோலை லேசாகத் தள்ளினார். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அவருடைய கால் சுளுவாகச் சுற்றியது. இத்தனை மாதமாக நான் நடுரோட்டில் நடத்திய வைபவத்துக்குப் பதில் அந்த ஒரு டிக் போதும் என்று பின்னாலிருந்து பார்த்தேன்.

“மச்சான், நீ பின்னாடியே வா. பேசிக்கினே வா. நீ கீறியான்னு எனக்குத் தெரியணும்ல?”

பேச எனக்கு ஒன்றும் வரவில்லை. தமாஷ்தான் என் தொழில், தறி எல்லாம் அதற்கப்புறம். கடைசியில் ரோட்டோரப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனேன். டிபன் சென்டர், டயர் கடை, கல்யாண மண்டபம். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமெண்ட் அடித்துக்கொண்டே முன்னால் போனார். மலை அடிவாரத்து அலிபிரியில் தேங்காய் உடைத்து, கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடி நின்றார். அவருடைய வாய் எதையோ முணுமுணுத்தது. நானும் கையைக் கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

திரும்பும்போது வண்டிகளைக் காலி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வேண்டுதல் ஒரு வழிக்கு மட்டும்தான்.

தங்கை தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை உள்ளே நுழைந்தபோதே பேசிக்கொண்டு நுழைந்தார். குரங்கைப் பற்றிச் சொன்னார், டெம்போக்காரரைப் பற்றி வேறு மாதிரி சொன்னார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. முதல் தோசையை என் தட்டில் போட்டாள். நெய் ஊற்றினாள். சர்க்கரைக்காரன் என்றும் பார்க்கவில்லை.

“உன்ன நம்பி தான்ணா அனுப்பினேன்” என்றாள்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். “இன்னாத்த நம்பினே? எனக்கு கியரே தெரியாதும்மா. நடுமேட்டுல உங்க வூட்டுக்காரர மூச்சு முட்ட வெச்சு மைல்கல்லுல உக்கார வெச்சவன் நான்” என்றேன்.

அவள் கரண்டியை நீட்டிச் சிரித்தாள். “சும்மா இருண்ணா. எப்பப் பாத்தாலும் தமாசு தான் உனக்கு.”

“நெஜமாம்மா.”

“துன்னு மொதல்ல” என்று இன்னொரு தோசையைப் போட்டாள்.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கியதில் அவருடைய தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.